எந்தக் கம்பெனி டயர்னு கேக்குறதுக்கு முன்னாடி

வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேன். மெட்ராஸ்லேர்ந்து அக்கா மகன் போன் பண்ணினான். வேளச்சேரியில இருக்கான், கம்ப்யூட்டர் வேலை.

"மாமா, பொங்கல் முடிஞ்சதும் கொடைக்கானல் போறோம். காருக்கு டயர் மாத்தலாமான்னு பாக்குறேன். எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்? நீங்க ஆல்டோவுக்கு என்ன போட்டீங்க?"

நான் பேரைச் சொல்லல. "இப்ப இருக்கிற டயர் எந்த வருஷத்துது மாப்ளே?"ன்னு கேட்டேன்.

"வண்டி 2018 மாமா. வெறும் 26,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. பட்டன் நல்லா இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்னு கடையில சொல்றாங்க. அம்மாதான் மலைக்குப் போறே, டயரைப் பாருடான்னு நச்சரிக்குது."

"நான் வண்டியோட வருஷத்தைக் கேக்கல. டயரோட வருஷத்தைக் கேக்குறேன்."

அவனுக்குப் புரியல. போன மே மாசம் வரைக்கும் எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு. அந்த மே மாசக் கதையை இங்க எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன். கூச்சமா இருந்ததால தள்ளிப்போட்டேன். ஏன்னா தப்பு என் மேல.

நல்ல அக்னி நட்சத்திரம். மாமியாருக்குத் திருச்சியில கண்ணுல புரை எடுத்துட்டு, கண்ணுக்குக் கட்டுப் போட்டுக் கூட்டிக்கிட்டு வர்றோம். என்னையும் சேர்த்து வண்டியில அஞ்சு பேர். லால்குடிப் பக்கத்து மச்சான் கொடுத்துவிட்ட அரிசி மூட்டை ஒண்ணு டிக்கியில. மத்தியானம் ரெண்டு மணி. சமயபுரம் டோல் தாண்டி, சிறுகனூர் தாண்டி, பாடாலூர் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, எண்பதுல போய்க்கிட்டு இருக்கேன். பின்னாடி இடது பக்கம் 'டமார்'னு ஒரு சத்தம். வெடி வெச்ச மாதிரி. வண்டியோட வாலு ஒரு பக்கமா இழுக்குது. பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டு ஸ்டீரிங்கை நேராப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கேன். ஆனா அந்த நேரத்துல கால் தானாப் போய் பிரேக்கைத் தொட்டுடுச்சு. வாலு இன்னும் கொஞ்சம் வீசுச்சு. வலது பக்கம் ஒரு லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே உரசாத குறையாப் போச்சு. எப்படியோ மண் ஓரத்துல கொண்டாந்து நிறுத்திட்டேன்.

யாருக்கும் ஒண்ணும் ஆகல. கண்ணுக் கட்டோட இருந்த மாமியார் மட்டும், "என்ன மாப்பிள்ளை, வீடு வந்துடுச்சா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல எனக்கு வாய் வரல. வீட்டுக்காரி என் கையைப் பாத்தா. நடுங்கிக்கிட்டு இருந்துச்சு.

எங்க பெரம்பலூர் ஜில்லாவுல, அதே ரோட்டோரம் நாரணமங்கலத்துல எம்.ஆர்.எஃப். டயர் ஃபேக்டரி இருக்கு. எங்க பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க அங்க ஷிப்டுக்குப் போறாங்க. டயர் செய்யிற ஊருக்குள்ள நுழையப் போற நேரத்துல டயர் வெடிச்சு நிக்கிறவன் நான். வெடிச்ச டயர் எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. பத்து வருஷம் உழைச்ச டயர் அது. அதைச் செஞ்சவங்க மேல ஒரு குத்தமும் இல்ல.

ஸ்டெப்னியை மாட்டிக்கிட்டு, நாப்பதுலேயே உருட்டிப் போய், ரோட்டோரப் பஞ்சர் கடையில நிறுத்தினேன். அந்தத் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். வெடிச்ச டயரை ரிம்லேர்ந்து கழட்டிக் கவுத்தான். உள்ளேருந்து கறுப்பா, கேழ்வரகு மாவு மாதிரி ரப்பர்த் தூள் கொட்டுச்சு. "அண்ணே, காத்து கம்மியா வெச்சு ஓட்டினீங்களா?"ன்னு கேட்டான். காத்து குறைஞ்சா டயரோட பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. உள்பக்க ரப்பர் தானே அரைஞ்சு தூளாகும். அந்தத் தூள்தான் இது.

அவன் சொன்னது உண்மை. நாலு நாள் முன்னாடிதான் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறதை விட ஆறு பாயிண்ட் குறைச்சு வெச்சேன். எங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதான்: "வெயில் காலத்துல காத்து விரியும், கொஞ்சம் கம்மியா வை, இல்லாட்டி வெடிக்கும்." காத்து விரியிறது நெசம்தான். பத்து டிகிரி சூடு ஏறினா ஒண்ணரை, ரெண்டு பாயிண்ட் ஏறும். அதெல்லாம் கணக்குப் பண்ணித்தான் டயரே செய்யிறாங்க. கதவோரம் ஒட்டியிருக்கிற அளவு, வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டிய அளவு. ஆளும் சுமையும் ஏத்தினா அதுல கூடத்தான் வைக்கணுமே தவிர, குறைக்கக் கூடாது. இந்தப் பழக்கம் எங்களுக்கு டிராக்டர்லேர்ந்து வந்ததுன்னு நினைக்கிறேன். டிராக்டரோட பெரிய டயருக்கு வயல்ல காத்து கம்மியா வெச்சாத்தான் மண்ணுல பரந்து பிடிக்கும். அது பொழுதுக்கும் அஞ்சு, பத்து கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி. அந்தப் புத்தியை எண்பதுல போற காருக்குக் கொண்டு வந்தேன்.

அப்புறம் அந்தத் தம்பி டயரைத் திருப்பி ஒரு இடத்தை விரலால துடைச்சுக் காட்டினான். டி.ஓ.டி.ன்னு மூணு எழுத்து, தொடர்ந்து என்னென்னவோ எழுத்து, கடைசியா சின்ன முட்டை மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள 1815. "இதான்ணே ஜாதகம். முன்னாடி ரெண்டு நம்பர் எத்தனாவது வாரம், பின்னாடி ரெண்டு நம்பர் வருஷம். 2015, பதினெட்டாவது வாரம்." அதாவது ஏப்ரல் கடைசி. பத்து வருஷம் முடிஞ்ச டயர். பட்டனைப் பாத்தா பாதிக்கு மேல இருக்கு. சட்டம் கேக்குற 1.6 மில்லிமீட்டருக்கு ரொம்ப மேல. ஆனா பள்ளத்துக்குள்ள, பக்கவாட்டுல எல்லாம் மயிரிழை மயிரிழையா வெடிப்பு. கரம்பை வெடிச்ச மாதிரி.

எனக்கு வெக்கமாப் போச்சு. ஏன் தெரியுமா? விதைப் பாக்கெட் வாங்கும்போது நான் லேபிளைப் படிக்காம காசு கொடுத்ததே இல்ல. லாட் நம்பர், முளைப்புத்திறன், எந்தத் தேதி வரைக்கும் செல்லும், எல்லாம் பாப்பேன். மருந்து டப்பாவுலயும் அப்படித்தான். மக்காச்சோள விதை ஒரு வருஷம் பழசா இருந்தா கடைக்காரர்கிட்ட மல்லுக்கு நிப்பேன். குடும்பத்தையே தூக்கிக்கிட்டு ஓடுற டயர்ல ஒரு தேதி இருக்குன்னே அம்பது வயசு தாண்டி ஒரு பஞ்சர் கடையிலதான் கத்துக்கிட்டேன்.

ரப்பர் வெயில்லயும் காத்துலயும் தானே இறுகும். அது வெடிக்காம இருக்கத்தான் கம்பெனிக்காரங்க மெழுகும் மருந்தும் கலக்குறாங்க. வண்டி ஓடும்போது டயர் அமுங்கி அமுங்கி எழுறதுல அந்த மெழுகு மேல கசிஞ்சு வந்து ஒரு போர்வை மாதிரி மூடிக்கும். நிக்கிற வண்டியில அந்த வேலை சரியா நடக்காது. அதனால ஓடாத டயர் புதுசாவே இருக்கும்னு நினைக்கிறது தப்பு. நிறைய டயர் கம்பெனிகளே சொல்றாங்க: அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனா வருஷா வருஷம் தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டுங்க, பத்து வருஷம் ஆயிட்டா பட்டன் இருந்தாலும் கழட்டிடுங்கன்னு. நம்ம ஊர் வெயிலுக்குப் பத்து வரைக்கும் காத்திருக்கிறது அதிகம்ங்கிறது என் கருத்து. ஆறு, ஏழோட நிறுத்திக்கணும்.

இங்கதான் பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க.

நீங்க ஓட்டி முடிச்ச சின்னக் கார் எல்லாம் எங்ககிட்டத்தான் வருது. எங்க தெருவுல மட்டும் ஏழு கார். ஒண்ணைத் தவிர எல்லாம் செகண்ட் ஹேண்ட். மெட்ராஸ், கோயம்புத்தூர், பெங்களூர் வண்டிங்க. என் ஆல்டோவை 2021ல மெட்ராஸ்ல ஒரு ரிடையர்ட் ஆபீசர்கிட்ட வாங்கினேன். தங்கமான மனுஷன். காபி கொடுத்து, சர்வீஸ் புக்கை வரிசையா எடுத்து வெச்சு, டேஷ்போர்டுல இருந்த பிள்ளையாரையும் சேர்த்தே கொடுத்தார். "22,000தான் ஓடியிருக்கு, டயர் எல்லாம் ஒரிஜினல், மாத்தவே இல்ல"ன்னு பெருமையாச் சொன்னார். நானும் பெருமையாக் கேட்டுக்கிட்டேன். அது பெருமை இல்ல, எச்சரிக்கைன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அப்பவே அதுக்கு ஆறு வயசு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போன வண்டி. இங்க வந்து கரிசல் காட்டு வண்டிப்பாதை, கல்லுக் குவாரி ரோடு, உர மூட்டைன்னு வாழ ஆரம்பிச்சுது.

வாங்குற எங்க ஆளுங்க என்ன பாக்குறோம்? பட்டன்ல கட்டை விரலை வெச்சு அழுத்திப் பாப்போம். வியாபாரி கறுப்பு பாலிஷ் அடிச்சு வெச்சிருப்பார், பளபளன்னு இருக்கும். அவ்வளவுதான். விக்கும்போது புது டயர் போட்டுக் கொடுங்கன்னு நான் கேக்கல. அது நியாயமும் இல்ல. "டயர் இத்தனை வருஷம் ஆச்சு, மாத்திக்கங்க"ன்னு ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு நாலாயிரம், அஞ்சாயிரம் விலையில குறையும். அதைக் குறைச்சுக் கொடுத்துடுங்க.

சரி, டயர் வாங்கப் போன கதைக்கு வர்றேன்.

முதல்ல எங்க ஊர்ல எல்லாரும் சொன்ன வழி, செகண்ட் ஹேண்ட் டயர். எழுநூறு, எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும். யாரோ மாத்திட்டுக் கடையிலயே விட்டுட்டுப் போனது. அதுல சிலதுல தேஞ்ச பள்ளத்தைச் சூட்டுக் கத்தியால திரும்ப வெட்டிப் புதுசு மாதிரி ஆக்கியிருப்பாங்க. லாரி டயரை அப்படி வெட்டலாம், ரீட்ரெடிங்கும் பண்ணலாம். வெட்டுறதுக்குன்னே அடியில ரப்பர் கனமா விட்டுச் செய்யிற டயர் உண்டு. அது தனித் தொழில், மரியாதையான தொழில். கார் டயர்ல அந்தக் கனம் கிடையாது. வெட்டினா கம்பி வரைக்கும் போயிடும். என் பங்காளி ஒருத்தர் இன்னும் அப்படித்தான் போட்டு ஓட்டுறார். சொன்னாக் கேக்க மாட்டார்.

அடுத்து ஒரு கடையில "அண்ணே, நீங்க மூட்டை ஏத்துற ஆளு, குட்டி யானை டயர் போட்டுக்குங்க, சாகாது"ன்னாங்க. குட்டி யானைன்னா டாடா ஏஸ். அதுக்கும் 12 இஞ்ச் ரிம்தான், அதனால மாட்ட முடியும். ஆனா அது சரக்கு வண்டிக்குச் செஞ்ச முரட்டு டயர். அதுக்குப் பிடிக்கிற காத்தே வேற அளவு. எழுநூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற ஆல்டோவுல அதை மாட்டினா வண்டி தவளை மாதிரித் துள்ளும், ரோட்டைப் பிடிக்காது.

இன்னொரு கடையில "155 போடுங்க, வண்டி கெத்தா நிக்கும்"ன்னாங்க. இதைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா ஏமாறுற இடம் இது. என் டயர் மேல 145/80 ஆர்12 74டி-ன்னு எழுதியிருக்கு. 145ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 80ங்கிறது அந்த அகலத்துல எண்பது சதவீதம் உயரம், அதாவது 116 மில்லிமீட்டர். 12 ரிம்மோட இஞ்ச். 74ங்கிறது சுமைக் குறியீடு. அட்டவணையில பாத்தா ஒரு டயருக்கு 375 கிலோ. டிங்கிறது வேகம், 190 வரைக்கும் தாங்கும். என் ஆல்டோ அந்த வேகத்தைக் கனவுலகூடப் பாக்காது. இப்ப அதே ரிம்முல 155/80 மாட்டினா டயர் மொத்த விட்டத்துல 16 மில்லிமீட்டர் பெருசாகும், நூத்துக்கு மூணு. ஸ்பீடாமீட்டர் கம்மியாக் காட்டும், ஸ்டீரிங் கனக்கும், ஆளேறினா சக்கர வளைவுல உரசும், சின்ன இஞ்சினுக்கு இழுக்கச் சிரமம், பெட்ரோல் கூடும். கெத்துக்கு இவ்வளவு செலவா? வண்டி செஞ்சவன் எதைப் போட்டானோ அதே அளவு. சுமைக் குறியீடு அதுக்குக் கீழே போகவே கூடாது.

கடைசியா பெரம்பலூர்ல ஒரு கடையில சரியான அளவு கிடைச்சுது. டயரை உருட்டிக்கிட்டு வந்தாங்க. நான் குனிஞ்சு தேதியைத் தேடினேன். 2023. ரெண்டு வருஷம் பழசு. "தம்பி, புதுசா இருக்கிறதைக் கொண்டா"ன்னேன். கடைக்காரர் சிரிச்சார். "அண்ணே, டயர் என்ன பாலா, தயிரா, கெட்டுப் போறதுக்கு?"

"விதை மாதிரிண்ணே"ன்னேன். "பாத்தா ஒண்ணும் தெரியாது. போட்டப்புறம்தான் தெரியும்."

அவரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆல்டோ 800 உற்பத்தியை 2023லயே நிறுத்திட்டாங்க. இப்ப வர்ற சின்னக் கார் பெரும்பாலும் 13, 14 இஞ்ச். 12 இஞ்ச் கார் டயர் கேட்டு வர்றவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க, சரக்கு கடையில தேங்குது. நிழல்ல, வெயில் படாம அடுக்கி வெச்ச டயர் ஓடுற டயரைப் போலக் கெடாதுங்கிறதும் உண்மைதான். ஆனா அதே காசுக்கு ரெண்டு வருஷ ஆயுசை நான் ஏன் விட்டுக் கொடுக்கணும்? ஆறு மாசத்துக்குள்ள செஞ்சது கிடைச்சா நல்லது. ஒரு வருஷம்னா பரவாயில்ல. அதுக்கு மேல வேண்டாம். "இல்லாட்டி நாளைக்கு வர்றேன்"னு எழுந்தேன். குடோன்லேர்ந்து 0925 போட்டது நாலு வந்துச்சு. பிப்ரவரி கடைசி, மார்ச் ஆரம்பத்துச் சரக்கு.

நாலும் வாங்கணுமா, ரெண்டு போதுமான்னு ராத்திரி முழுக்க வீட்டுக்காரிக்கும் எனக்கும் பேச்சு. மாட்டுக் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து நாலு டயருக்கு 14,000 ரூபாய் ஆகும். அப்ப வெங்காயம் கிலோ 30 ரூபாய்க்குக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கணக்குப் போட்டா அம்பது கிலோ மூட்டையில ஒம்போது மூட்டைக்கு மேல. "அந்த லாரி உரசியிருந்தா எத்தனை மூட்டை?"ன்னு அவ கேட்டா. அத்தோட பேச்சு முடிஞ்சது.

கையில காசு இல்ல, ரெண்டுதான் முடியும்னா, அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. கடையில எல்லாரும் புது டயரை முன்னாடி போடுவாங்க. "இஞ்சின் இழுக்குறது முன்சக்கரம், ஸ்டீரிங்கும் முன்சக்கரம், அங்கதான் சார் நல்ல டயர் வேணும்"பாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா மழையில முன்சக்கரம் வழுக்கினா வண்டி நேராப் போகும், காலை எடுத்து வேகத்தைக் குறைச்சா திரும்பப் பிடிக்கும். பின்சக்கரம் வழுக்கினா வாலு சுத்தும். சுத்துற வாலைப் பிடிக்க என்னையும் உங்களையும் போல ஆளுங்களால முடியாது. எனக்கு வாலு வீசினது எப்படி இருக்கும்னு தெரியும். மிஷெலின் போல பெரிய கம்பெனிங்களும் இதைத்தான் சொல்றாங்க: புதுசு ரெண்டும் பின்னாடி. நல்லா இருக்கிற பழசு ரெண்டும் முன்னாடி. கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்ல, நின்னு மாத்தச் சொல்லுங்க. மாட்டுக்கு லாடம் அடிக்கும்போது நாலு காலுக்கும்தான் அடிப்போம். முடிஞ்சா டயருக்கும் அப்படியே.

நைட்ரஜன் பிடிக்கச் சொல்லி வற்புறுத்தினாங்க. நாம விடுற சாதாக் காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஓசியாக் கொடுத்தா வாங்கிக்குங்க. அந்தக் காசுக்கு நான் கையில பிடிச்சுப் பாக்குற காத்து மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, காலையில மாடு பிடிச்சுக் கட்டினதும், வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி நாலையும் பாத்துடுவேன். டியூப்லெஸ் டயர்னா வால்வையும் கூடவே புதுசு போடச் சொல்லுங்க, அதுவும் ரப்பர்தான். பேலன்சிங் பண்ணும்போது ரிம்மு ஓரத்துல சின்ன ஈயக்கட்டி வெப்பாங்க. பழைய கட்டியைப் பிடுங்கிட்டுத்தான் வெக்கிறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் கம்பெனி. 12 இஞ்ச்சுக்குக் கடையில இருக்கிறதே மூணு, நாலு வகை. எம்.ஆர்.எஃப்.புக்குத் திருவொற்றியூர், அரக்கோணம், எங்க பெரம்பலூர்னு ஃபேக்டரி. அப்பல்லோவுக்கு ஒரகடம், ஜே.கே.வுக்கு ஸ்ரீபெரும்புதூர், சியட்டுக்கும் காஞ்சிபுரம் ஜில்லா. பாதி டயர் நம்ம ஊர்ல செய்யிறதுதான். ரப்பர் மெத்துன்னு இருந்தா மழையில நல்லாப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமா இருந்தா ரொம்ப நாள் ஓடும், சத்தம் போடும், ஈர ரோட்டுல பிடி கொஞ்சம் கம்மி. வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுற ஆளு தேயாத டயரை வாங்கி என்ன பண்ணப் போறோம்? தேயறதுக்கு முன்னாடி வயசாயிடும். அதனால நான் மெத்துன்னு இருக்கிற வகையைத்தான் எடுத்தேன். தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுற வாடகை வண்டிக்காரர் வேற மாதிரிதான் யோசிக்கணும், அவருக்கு என் கணக்கு ஆகாது. பெயர் தெரிஞ்ச கம்பெனி, சரியான அளவு, புதுத் தேதி, ஒழுங்கான காத்து. இதுக்கப்புறம் எந்தப் பேரா இருந்தாலும் என் காசுக்கு ஒண்ணுதான்.

ஒரு வயித்தெரிச்சலையும் சொல்லிடறேன். நான் வாங்கினப்ப டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். செப்டம்பர் 22லேர்ந்து 18 ஆக்கிட்டாங்க. டிராக்டர் டயருக்கு 18லேர்ந்து 5. இப்ப வாங்குறவங்களுக்கு யோகம். தள்ளிப் போட்டவங்க இனியும் தள்ளிப் போடக் காரணம் இல்ல.

பழைய டயரைக் கடையில விட்டா ஒண்ணுக்கு நூறு ரூபாய் கழிச்சுக்கிறேன்னாங்க. அது எங்க போகும்னு எனக்குத் தெரியும்; எண்ணூறு ரூபாய்க்கு இன்னொருத்தன் வண்டிக்குப் போகும். வேண்டாம்னு மூணையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். வெங்காயப் பட்டறை மேல போடுற தார்ப்பாய் பறக்காம இருக்க அதான் இப்ப பாரம். மழைத் தண்ணி தேங்கினா டெங்கு கொசு முட்டை விடும்னு சுகாதாரத் துறை ஆளுங்க வந்து திட்டுவாங்க, அதனால அங்கங்க ஓட்டை போட்டு வெச்சிருக்கேன்.

மாப்பிள்ளைகிட்ட இதையெல்லாம் போன்லயே சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு. பாத்தி நிறைஞ்சு தண்ணி அடுத்த காட்டுக்குப் போயிடுச்சு. சாயந்தரம் அவன் நாலு போட்டோ அனுப்பினான். 0918, 0918, 0918, நாலாவது 3117. ஒரே வண்டியில வேற வேற வருஷம். "இதுக்கு என்ன மாமா அர்த்தம்?"னு கேட்டான். மாத்துன்னு அர்த்தம்னு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு மெசேஜ்: "உங்க ஸ்டெப்னி எந்த வருஷம் மாமா?"

போய் டிக்கியைத் திறந்து பாத்தேன். 1815. அன்னைக்கு வீடு கொண்டாந்து சேர்த்த அதே டயர், அப்படியே கெடக்கு. வெங்காயம் தை கடைசியில எடுக்கணும். எடுத்ததும் முதல் செலவு அதான்னு வீட்டுக்காரி காலண்டர்ல எழுதி வெச்சிருக்கா.